பன்னிரண்டாவது பட்டி

இப்போதெல்லாம் எவனும் எவன் மூஞ்சியையும் பார்ப்பதில்லை. எதிரில் வருகிறவன் நல்லா இருக்கியா என்று கேட்பான், கேட்கும்போதே மணிக்கட்டில் கட்டியிருக்கிற பட்டியைப் பார்ப்பான். பச்சை எரிந்தால் பதிலையும் அவனே சொல்லிக்கொண்டு போய்விடுவான். கல்யாண வீட்டில் அப்படி, ஆஸ்பத்திரியில் அப்படி, எழவு வீட்டில்கூட அப்படித்தான். அழுதுகொண்டிருக்கிற பொம்பளையின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பயமில்ல, பச்சைதான்" என்கிறான். போன வாரம் பஸ்ஸில் ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பக்கத்தில் இருந்த நாலு பேரும் அவன் கையைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். அவன் பட்டி கட்டியிருக்கவில்லை. அவ்வளவுதான், என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் சுயம்பு. அறுபத்தேழு வயசு. மூணாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு உப்பளத்தில் சத்தம் கொடுக்கிற ஆள் நான். அது என்ன வேலை என்றால், பாத்தியில் கணுக்கால் தண்ணியில் பதினோரு பேர் வரிசையாக நிற்பார்கள். நீளக் கம்பு மாட்டிய பலகையால் அடியில் விளைந்த உப்பை வரப்புப் பக்கம் இழுக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு வேகத்தில் இழுத்தால் தண்ணி கலங்கும், அடிச்சேறு மேலே வரும், உப்பு கறுத்துப்போகும். அதனால் பதினோரு பலகையும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். நான் வரப்பில் நின்று எண்ணுவேன். "ஒண்ணு" என்று தகரத்தில் ஓங்கி ஒரு அடி. அதிலிருந்து பதினொண்ணு வரைக்கும் வாய்ச்சத்தம், ஒரு சத்தத்துக்கு ஒரு இழுப்பு. பன்னிரண்டுக்குச் சத்தம் கிடையாது. எல்லாரும் நிமிர்ந்து ஒரு மூச்சு விட்டுக்கொள்வார்கள். திரும்பவும் ஒண்ணு.

வெயில் சட்டம் வந்து நாலு வருசம் ஆகிறது. ஊர் ஊராக ஆட்கள் வெயிலில் விழுந்து செத்தபிறகு வந்த சட்டம். வெளியில் வேலை செய்கிற எல்லாருக்கும் கையில் ஒரு பட்டி. பட்டி சிவந்தால் அரைமணி நேரம் நிழலில் உட்கார்ந்தே ஆகணும், முதலாளியே வந்தாலும் எழுப்பக் கூடாது. பச்சை என்றால் பாத்தியில் நிற்கணும். பச்சையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள். எங்கள் பாத்தி வரப்பில் ஒரு கம்பம் நட்டு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். பதினோரு பேருக்கும் எனக்குமாகப் பன்னிரண்டு பட்டி. ஒண்ணாம் நம்பர் எனக்கு.

பன்னிரண்டாம் நம்பர் என் மருமகளுக்கு. கடைசியாக வந்து சேர்ந்தவள் அவள்தான்; அதுவரை ஒரு ஆள் குறைவு, அந்தப் பட்டி சும்மா கிடந்தது.

பிரம்மசக்தி என்று பேர். என் மகன் லிங்கதுரை கட்டிக்கொண்டு வந்த பிள்ளை. ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாழைத்தோட்டத்து ஈரத்தில் வளர்ந்தவள். லிங்கதுரை மஸ்கட்டுக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனபிறகு, "வீட்டுல சும்மா இருக்க முடியல மாமா, நானும் வாரேன்" என்று வந்து நின்றாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. உப்புத் தண்ணியில் இவள் ரெண்டு நாள் நிற்பாளா என்று நினைத்தேன். நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் கிடையாது. முதலாளியை நம்பினதில்லை, கட்சிக்காரனை நம்பினதில்லை, என்னோடு முப்பது வருசம் குடும்பம் நடத்தின பொம்பளை தலைவலி என்று படுத்தால் அதைக்கூடப் பாதிதான் நம்பினேன்.

ஏழு மாசம் அவள் உப்பு இழுத்தாள். ஏழு மாசத்தில் ஒருநாள்கூட அவள் பட்டி சிவக்கவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மூணு தடவை சிவக்கும். எனக்கு நாலு தடவைகூட ஆகும். போய்க் கொட்டகையில் உட்காருவேன். உட்கார்ந்தபடி சத்தம் கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே கொடுப்பேன். அவள் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சை.

அவளுக்குப் பக்கத்தில் இழுப்பவள் அமலோற்பவம். நாப்பது வயசு, வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடேன். பலகைய இழுக்கியா, தண்ணியில மெதக்க விடுதியா?"

"நானும் ஒங்க கூடத்தான இழுக்கேன் மதினி."

"நாங்க செவந்து சாவுதோம். மகாராணிக்கு மட்டும் எப்பவும் பச்சை. அண்ணாச்சி, மருமவளுக்குச் சத்தத்தக் கொறச்சுக் குடுக்கியளோ?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்து, "ஊரு சிரிக்குது, கொஞ்சம் ஒழுங்கா இழு" என்பேன். சரி மாமா என்பாள். ஒருநாள் அவள் சோறு போடும்போது கரண்டி நழுவி விழுந்தது. உள்ளங்கை பூரா கொப்புளம். பலகை பிடிக்கத் தெரியவில்லை, அதான் கொப்புளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வைகாசி மாசத்தில் காற்றே இல்லாத ஒரு நாள். தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்தது, மேலேயும் வெயில், கீழேயும் வெயில். ஒன்பதரைக்கு எனக்குச் சிவந்தது. கொட்டகையில் உட்கார்ந்து பானைத் தண்ணி குடித்தேன், சத்தமும் கொடுத்தேன். பத்தே முக்காலுக்கு ரெண்டாவது தடவை சிவந்தது. ரெண்டாவது தடவையும் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவள் பாத்தியை விட்டு ஏறி வந்தாள். பலகையைக் கீழே போடாமல் கையோடு கொண்டுவந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு மாதிரி வருது."

"என்ன மாதிரி?"

"தலைக்குள்ள கொதிக்கி மாமா. வேர்க்கவே மாட்டேங்கு. காலையிலயே நின்னுபோச்சு. என்னால முடியல."

நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். பச்சை.

"பச்சைதான எரியுது?"

"பச்சைதான். ஆனா முடியல மாமா."

"ஒனக்கு என்னைக்கு முடிஞ்சிருக்கு? இங்க பாரு, எனக்குச் செவப்பு. அறுவத்தேழு வயசுக் கெழவன் செவந்துபோய் உக்காந்தும் சத்தம் குடுக்கேன். நீ பச்சைய வச்சிக்கிட்டு நடிக்காத. போ, இழு."

அவள் கை கொதித்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி இருந்தது. என் விரல் அதைத் தொட்டது. தொட்டுக்கொண்டேதான் விளக்கைப் பார்த்தேன்.

"சரி மாமா" என்றாள். இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் இருபது சுற்று போயிருக்கும். நான் "ஏழு" கொடுத்தபோது பத்துப் பலகைதான் நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணியில் குப்புறக் கிடந்தாள். அமலோற்பவம்தான் முதலில் புரட்டினாள். வாயெல்லாம் உப்பு. வரப்பில் தூக்கிப் போட்டோம். அவளை வேனில் ஏற்றும்போதுகூடப் பட்டி பச்சையாகத்தான் எரிந்தது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு தாள் வந்தது. பட்டியின் கணக்குப்படி, இறந்தவர் அன்று காலை முதல் உடல் உழைப்பு ஏதுமின்றி ஓய்வு நிலையில் இருந்துள்ளார், இயற்கையான மரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உடல் உழைப்பு ஏதுமின்றி. அவள் கால் உப்பில் வெந்துபோயிருந்ததைப் பார்த்துக் குளிப்பாட்டினவர்கள் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளில் அல்லவா இருக்கிறது.

லிங்கதுரை மூணு நாள் லீவில் வந்தான். கல் மாதிரி இருந்தான். கடைசி நாள்தான் அந்தத் தாளை எடுத்துப் படித்தான்.

"அப்பா, ஓய்வுலதான் இருந்திருக்கா. கஷ்டப்படாமப் போயிருக்கா. ஒறங்குற மாதிரி."

என்னைப் பார்த்தான். நான், "ஆமால" என்றேன்.

தாளை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் பண்ணுவான். சாப்பிட்டேன் என்பான், தூங்கினேன் என்பான். அந்தத் தாளை வைத்துத்தான் அவன் தூங்கினான். அது எனக்குத் தெரியும்.

அமலோற்பவம் வாயைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் கொட்டகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வைய மாட்டியளே?"

"சொல்லு."

"கடைசி ஒரு மாசம் அவ எங்க எல்லாரையும்விட அழுத்தி இழுத்தா. எம்பக்கத்து உப்பையும் சேத்து இழுப்பா. ஏம்ட்டி இப்படிச் சாவுதன்னு கேட்டேன். ஒரே ஒருநா செவப்பு வந்துட்டாப் போதும் மதினி, மாமா நம்பிருவாவன்னா."

நான் எழுந்து வரப்புக்குப் போய்த் தகரத்தை எடுத்தேன். அன்றைக்கு எண்ணும்போது ஐந்துக்குப் பிறகு ஏழு சொன்னேன். யாரும் கேலி பண்ணவில்லை.

புரட்டாசியில் ஒரு அம்மா வந்தாள். நஸீமா என்று பேர். பாளையங்கோட்டைப் பக்கம் மேலப்பாளையத்துக்காரி, மெட்ராஸில் வேலை. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். பெட்டி செய்கிற கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றாள். அந்த ஆட்களை எனக்குத் தெரியும், தாளில் கையெழுத்து வாங்கத்தான் வருவார்கள். உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு சாக்கை விரித்துக் கொட்டகையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, இந்தப் பெட்டிக்குள்ள எண்ணுற வேலையை எழுதினது நான்தான்."

"அப்படியா. நல்லா எழுதியிருக்கம்மா."

அவளுக்கு அது உறைத்தது.

"உங்க மருமகளோட கணக்கைப் பார்த்தேன். ஏழு மாசமும் ஒரே அளவு. மனுச உடம்பு அப்படி இருக்காது ஐயா. வீட்டுல படுத்துக் கிடக்கிறவங்க உடம்புகூட அவ்வளவு அசையாம இருக்காது. எங்க மேலதிகாரிங்க விடச் சொன்னாங்க. என்னால விட முடியல. அதான் விசாரணை வேணும்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன்."

"பட்டி கெட்டுப்போயிருந்துச்சா?"

"இல்லை. பட்டி நல்லாத்தான் இருக்கு."

"பெறகு?"

"பட்டிக்குள்ள எண்ணுறது கிடையாது ஐயா. முதல்ல அப்படித்தான் செஞ்சோம். உப்புக் காத்துல ஒரே மாசத்துல அரிச்சுப்போச்சு. இப்போ சதை முறுக்குறப்போ வர்ற துடிப்பைப் பட்டி வாங்கி அனுப்பும், அவ்வளவுதான். எண்ணுறது பெட்டி. எத்தனை துடிப்புன்னு எண்ணி, எவ்வளவு உழைப்பு, உள்ளே எவ்வளவு சூடுன்னு அது சொல்லும். அந்தப் பெட்டிக்குள்ள எண்ணுற கருவி, எண்ணின்னு சொல்வோம், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"பன்னெண்டு பேருக்கும் சேத்தா?"

"ஆமா. ஆனா ஒவ்வொரு பட்டிக்கும் தனக்கே தனக்குன்னு ஒரு எண்ணி இருக்கிற மாதிரி காட்டுவோம். உள்ளே கெர்னல்னு ஒண்ணு இருக்கு. கங்காணின்னு வெச்சுக்கோங்க. அது உங்களை ரெண்டு நொடி எண்ணும். எண்ணினதை ஓரமா எழுதி வெச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். அவரோட பழைய எண்ணை எடுத்து, விட்ட இடத்துலேர்ந்து ரெண்டு நொடி எண்ணும். இப்படியே பன்னெண்டு பேரு. மறுபடி உங்ககிட்ட வர இருபத்திநாலு நொடி ஆகும். நடுவுல உங்களைப் பார்க்கவே இல்லைங்கறது உங்க பட்டிக்குத் தெரியாது."

"பார்க்காத நேரத்துக்கு என்ன செய்யும்?"

"பார்த்த ரெண்டு நொடியைப் பன்னெண்டால பெருக்கும்."

"களவாணித்தனம்."

"எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான் ஐயா. பெரும்பாலும் சரியா வந்துடும். மனுசன் ஒரு தடவை அந்த ரெண்டு நொடியில சும்மா நின்னா, அடுத்த தடவை இழுத்துக்கிட்டு இருப்பான். நாள் முழுக்கச் சேர்த்தா நேராயிடும். மத்த அளங்கள்ல நேராத்தான் இருக்கு. இங்க மட்டும் ஏன் இப்படின்னு புரியல. நீங்க எப்படி வேலை செய்யறீங்கன்னு காட்டுங்க."

வரப்பில் போய் நின்று சத்தம் கொடுத்தேன். அவள் கையில் கடிகாரம் வைத்திருந்தாள். பத்துச் சுற்று பார்த்தாள், இருபது பார்த்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஒவ்வொரு சுத்தும் இருபத்திநாலு நொடி. ஒரு நொடி கூடல, ஒரு நொடி குறையல. எப்படி ஐயா?"

எனக்கு ஒரு நிமிசம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வயசான பெறகு எனக்குச் சத்தம் தப்ப ஆரம்பிச்சுதும்மா. ஒருநேரம் ஓடும், ஒருநேரம் இழுக்கும். உப்பு கறுத்துச்சு, ஆளை மாத்தப் போறோம்ன்னாவ. அப்பந்தான் பெட்டி வந்துச்சு. அதுல ஒரு சின்ன வெளக்கு மினுக்குதுல்லா? சீரா மினுக்கும். பன்னெண்டு மினுக்குக்கு ஒருக்க கொஞ்சம் நீளமா எரியும். அத ஒண்ணுன்னு வச்சிக்கிட்டேன். ஒரு மினுக்குக்கு ஒரு சத்தம். அன்னையில இருந்து தப்பினதில்ல."

அவள் கடிகாரத்தை மடியில் போட்டுவிட்டாள்.

"ஐயா. கங்காணி ஒரு ஆளை விட்டு அடுத்த ஆளுக்கு மாறும்போதுதான் அந்த விளக்கு மினுக்கும். பன்னெண்டு பேரும் முடிஞ்சு மறுபடி முதல் ஆளுக்கு வரும்போது நீளமா எரியும்."

பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டாள். எனக்குக் கட்டம் வேண்டியிருக்கவில்லை. மூணாம் வகுப்பே போதும். ஒவ்வொரு சுற்றிலும் கங்காணி பன்னிரண்டாம் நம்பரைப் பார்க்க வருகிற அந்த ரெண்டு நொடியில், நான் சத்தத்தை நிறுத்தி எல்லாரையும் நிமிர்ந்து நிற்க வைத்திருந்தேன். அவள் பதினோரு தடவை இழுப்பாள், அது பார்க்காது. மூச்சு விட நிமிருவாள், அது பார்க்கும். பார்த்து, சும்மா நிற்கிறாள் என்று எழுதும், பன்னிரண்டால் பெருக்கும். ஏழு மாசம். எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் அவளுக்குச் சிவப்பு வந்திருக்காது.

"அப்ப ஒண்ணாம் நம்பரு?"

அவள் தாளை மடிக்கப் போனாள்.

"சொல்லும்மா. எனக்கு நாளைக்கு நாலு தடவ செவக்குமே, அது என்ன?"

"தகரத்துல ஓங்கி அடிக்கிறீங்கல்ல, அந்த ரெண்டு நொடியில மட்டும்தான் உங்களைப் பார்த்திருக்கு. நாள் முழுக்க அப்படி அடிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு நினைச்சிருக்கு."

அதாவது நான் நின்று கத்தினதுக்கு எனக்கு நிழல் கொடுத்தது. அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அவளைப் போ என்றேன்.

நஸீமா பையிலிருந்து இன்னொரு வெள்ளைத்தாள் எடுத்தாள். இனிமேல் கங்காணி வரிசையாகப் போகாது, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆளை மாற்றி மாற்றிப் பார்க்கும், நீங்கள் விளக்கு விசயத்தைச் சொன்னதாக எழுதிக் கொடுத்தால் எல்லா அளத்திலும் மாற்றிவிடுவார்கள் என்றாள்.

"அப்பவும் பன்னெண்டுல ஒரு பங்குதான பார்க்கும்?"

"ஆமா ஐயா. ஆனா இந்த மாதிரி ஆகாது."

விளக்கைப் பற்றி அவள் எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அதில் கையெழுத்துப் போட்டேன். பாத்தியில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள், அவர்களுக்காக.

"மருமகளோட கணக்கையும் திருத்திட்டேன்" என்றாள். "அன்னைக்குக் காலையில ஒன்பதேகாலுக்கே அவங்க சிவப்பைத் தாண்டியிருக்காங்க."

"நீ பாத்தியா?"

"இல்லை..."

"பெட்டி பாத்துச்சா?"

"பார்க்கலை. கூட இழுத்தவங்க கணக்கை வெச்சு, அவங்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்னு போட்டது."

"அப்ப இதுவும் அவ இல்ல. அமலோற்பவத்தப் பாத்து அவ பேர எழுதியிருக்க. மொதல்ல பார்க்காம ஓய்வுன்ன, இப்பப் பார்க்காம ஒன்பதேகாலுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"திருத்தின தாளைப் புருசனுக்கு அனுப்பணும் ஐயா. சட்டம். இன்னைக்குச் சாயங்காலம் போயிடும்."

பாஸ்போர்ட்டுக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிற தாள் என் கண்ணில் வந்து நின்றது. நான் போனை எடுத்தேன். அங்கே சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும், உடனே எடுத்தான்.

"என்னப்பா, இந்நேரம்?"

"ஏலே, ஒனக்கு ஒரு தாள் வரும். அது வாரதுக்கு முன்னால நான் சொல்லணும்."

"என்ன தாளு?"

"அவ ஓய்வுல இல்லல. அன்னைக்கு எங்கிட்ட வந்தா. முடியலைன்னா. கையப் பிடிச்சேன், கொதிச்சுது. நான் பச்சையப் பாத்துட்டு, நடிக்காத, போய் இழுன்னுட்டேன்."

பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. அவன் அதை விட்டுத் தள்ளிப் போனான் போல, சத்தம் மங்கினது.

"முடியலைன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"வாயத் தொறந்து சொன்னாளா?"

"சொன்னா."

"எத்தன தடவப்பா?"

நான் யோசித்து எண்ணினேன்.

"ரெண்டு தடவ."

அவன் மூச்சு கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டான். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. அன்றையோடு வெள்ளிக்கிழமை போனும் நின்றது, இன்னும் வரவில்லை.

நஸீமா அழுதுவிட்டாள். கம்பெனிக்காரி அழுது நான் பார்த்ததில்லை.

"ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க? உங்க மேல தப்பே இல்லை. விளக்கும் உங்க சத்தமும் ஒண்ணாப் போயிடுச்சு. அது யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. எழுதின எனக்கே ஏழு மாசம் தெரியலையே."

"ஒனக்குத் தெரியாதும்மா. நீ மெட்ராஸ்ல இருந்த. நான் அவ கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"பெட்டி தப்பாச் சொன்னதாலதானே..."

"பெட்டி தப்பாச் சொல்லிச்சு. சரி. வெளக்கப் பாத்து நான் சத்தம் குடுத்தேன். அதுவும் சரி. அவ வாயால சொன்னது எங்காதுல விழுந்துச்சுல்லா? அந்த நேரம் கங்காணி யாரை வேணா எண்ணிட்டுப் போறான். எங்காது ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு, எதுத்தால நின்னவளுக்கு. அது என்ன செஞ்சுது?"

கடைசியாக ஒரு தாள் இருந்தது. விளக்கம் கேட்டேன், புரிந்தது, திருப்தி என்று குடும்பத்தில் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால்தான் விசாரணை முடிந்ததாக ஆகும் என்றாள். பேனாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தேன்.

பின்னாலேயே வரப்பில் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள்.

"ஐயா, ஒரு நிமிசம் நில்லுங்க. இன்னொரு தடவை கட்டம் போட்டுக் காட்டுறேன். உங்க தப்பு இல்லைன்னு உங்களுக்கே புரியும்."

புரியாமல் என்ன. பன்னிரண்டு கட்டமும் சரி, ரெண்டு நொடியும் சரி, பெருக்கினதும் சரி. படித்தவள், தப்பாகப் போட்டிருக்க மாட்டாள். அதனால் என் தப்பு இல்லை என்பதை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் நடந்துகொண்டே இருந்தேன்.